ஒரு பட்டிமன்றம், இரண்டு நடுவர்

ஜனவரி 20, திங்கள்

முதல்வர் கூப்பிட்டார். வினாத்தாள் விஷயமாக இருக்கும் என்று நினைத்துக் கோப்போடு போனேன். "உக்காருங்க சாந்தாமணி மேடம்" என்று அவரே நாற்காலியைக் காட்டியபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அந்த மனிதர் உட்காரச் சொன்னால் தலையில் எதையோ கட்டப் போகிறார் என்று அர்த்தம்.

தமிழ் மன்றத்துக்குப் பொறுப்பாசிரியராக இருந்த ராசப்பன் சார் கண் அறுவை சிகிச்சைக்குக் கோவை போகிறாராம். இந்த ஆண்டு மன்றத்தை நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். நான் புள்ளியியல் துறை. தமிழ் மன்றத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "நீங்க இருந்தா ஒழுங்கா நடக்கும். போன வருஷம் நடந்த கூத்து தெரியுமுங்கள்ல?" என்றார்.

தெரியும். கல்லூரிக்கே தெரியும். போன ஆண்டு மன்றச் செயலாளரும் இணைச் செயலாளரும் மேடையிலேயே மைக்குக்குச் சண்டை போட்டார்கள். சிறப்பு விருந்தினர் பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டார். இந்த முறையும் ஏதாவது கோளாறு நடந்தால் மன்றத்தைக் கலைத்துவிட்டு, வேலைவாய்ப்புப் பிரிவோடு சேர்த்துவிடப் போவதாக முதல்வர் சொல்லிவிட்டார். தமிழ் மன்றம் இருந்த அறையில் நேர்முகத் தேர்வுக்குக் கோட்டு போடச் சொல்லிக் கொடுப்பார்களாம்.

பிப்ரவரி 21, தாய்மொழி நாள். அன்று பட்டிமன்றம். ஒரு மாதம் இருக்கிறது.

மகள் மதுவந்திக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜனவரி 22, புதன்

செயலாளர் இலக்கியா, கணிதம் மூன்றாம் ஆண்டு. இணைச் செயலாளர் பூபதி, தமிழ் மூன்றாம் ஆண்டு. இருவரையும் துறைக்கு வரச்சொன்னேன். அந்தப் பெண் பேசும்போது கையும் பேசுகிறது. பையன் எதற்கும் "ஆமாங்க மேடம்" என்கிறான். இவர்களை நம்பி ஒரு மன்றத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

போன ஆண்டு சண்டை ஏன் வந்தது? இரண்டு பேரும் நேரடியாகப் பேசி, நேரடியாக மோதிக்கொண்டதால். ஆகவே ஒரு விதி போட்டேன். இவர்கள் தங்களுக்குள் எதையும் முடிவு செய்யக் கூடாது. யாருக்கு என்ன வேண்டுமானாலும் என்னிடம் வர வேண்டும். மற்றவருக்கு நான் சொல்வேன். வாட்ஸ்அப் குழுவும் வேண்டாம் என்றேன்.

"எல்லாமே உங்க வழியாவா மேடம்?" என்றாள் இலக்கியா.

"எல்லாமே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விதி பிடித்துப்போயிருக்க வேண்டும்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம், மிட்டாய், வீடு. மதுவந்தி அழைக்கவில்லை. "மீட்டிங்மா" என்று ஒரு செய்தி மட்டும். குடியரசு நாளில், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில், ஐதராபாத்தில் எந்த மென்பொருள் கம்பெனி மீட்டிங் போடுகிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாக் கேள்விக்கும் தயாராக ஒரு பதில் வைத்திருப்பார். இன்று "இருக்கும்" என்றார்.

ஜனவரி 28, செவ்வாய்

அகமதிப்பீட்டு விடைத்தாள் ஒரு கட்டு. நடுவில் பூபதி வந்தான். பவானியிலிருந்து புலவர் மாரண்ணனை நடுவராக அழைக்கலாமா என்று கேட்டான். கேள்விப்பட்ட பெயர்தான், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், வெண்கலக் குரல். சரி, போய் முறையாக அழைத்துவிடு என்றேன். இலக்கியாவிடம் சொல்ல வேண்டும்.

ஜனவரி 30, வியாழன்

இலக்கியா ஒரு தலைப்போடு வந்தாள். 'இன்றைய இளைஞர்கள் தடுமாறக் காரணம், பெரியவர்கள் சொல்லித் தராததா? சொல்லிக்கொண்டே இருப்பதா?' எனக்கு என்னவோ குத்தலாகப் பட்டது. தாய்மொழி நாளுக்குத் தாய்மொழியைப் பற்றி வைத்தால் என்ன என்றேன். "அதுல ரெண்டு பக்கமும் ஒரே பேச்சத்தானுங்க மேடம் பேசுவாங்க" என்றாள். அது உண்மைதான். சரி என்றேன்.

மாதிரித் தேர்வு அட்டவணை இன்றைக்குள் கொடுக்க வேண்டும். அவள் நின்றுகொண்டு பேசிக்கொண்டே இருந்தாள். திருப்பூர் பேராசிரியை உமையரசி, நகைச்சுவை, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், கூப்பிடட்டுங்களா என்று. கூப்பிடு கூப்பிடு என்று அனுப்பிவைத்தேன். பூபதியிடம் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஐதராபாத்திலிருந்து கூரியரில் ஒரு பெட்டி. உள்ளே மரத்தில் செய்த யானை. காது, தும்பிக்கை, கால் எல்லாம் கழற்றிக் கழற்றி மாட்டலாம். குழந்தைகள் விளையாடுவது. "கம்பெனில குடுத்தாங்களாம்" என்றார் அவர். எனக்குச் சொல்லாமல் இவருக்கு எப்போது சொன்னாள் என்று கேட்டேன். காலையில் என்றார். காலையில் இவர் மொட்டை மாடியில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார், போனோடு.

யானையைத் தொலைக்காட்சிப் பெட்டி பக்கத்தில் வைத்திருக்கிறேன். இழைப்பு நன்றாக இருக்கிறது. வங்கிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிற கம்பெனி யானை எதற்குக் கொடுக்கிறது என்று தெரியவில்லை. புத்தாண்டுப் பரிசாக இருக்கும்.

பிப்ரவரி 6, வியாழன்

மன்ற வேலை நன்றாகப் போகிறது. இலக்கியா வந்து கேட்கிறாள், பூபதிக்குச் சொல்கிறேன். பூபதி வந்து கேட்கிறான், இலக்கியாவுக்குச் சொல்கிறேன். நாளுக்குப் பத்து முறை. சாப்பாட்டு வேளைகூட இதிலேயே போகிறது. ஆனால் சண்டை இல்லை. முதல்வரிடமே சொன்னேன், இந்த முறை ஒரு சின்ன உரசல்கூட இல்லை என்று. ராசப்பன் சாருக்கு இந்த யோசனை தோன்றாமல் போனது ஏன் என்று தெரியவில்லை.

ஒரு விஷயம்தான். நேற்றிலிருந்து இரண்டு பேரும் என்னிடம் வருவது குறைந்துவிட்டது. கேட்டால், "எல்லாம் முடிஞ்சுதுங்க மேடம்" என்கிறார்கள்.

பிப்ரவரி 12, புதன்

மூன்றாம் பிரிவேளை, வகுப்பில் இருக்கும்போது போன். பிளக்ஸ் கடைக்காரர்.

"மேடம்ங்களா? உங்க காலேஜ் பட்டிமன்ற பேனருங்க. நடுவர் போட்டோ ரெண்டையும் ஒரே சைஸ்ல வெக்கட்டுங்களா, ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னதா வெக்கட்டுங்களா?"

"நடுவர் ஒருத்தர்தானுங்களே" என்றேன்.

"ரெண்டு போட்டோ வந்திருக்குதுங்க. ஒரு பெரியவர், ஒரு அம்மா."

கரும்பலகையைப் பிடித்துக்கொண்டேன். பேனரை நிறுத்தி வையுங்கள், நானே கூப்பிடுகிறேன் என்றேன். பிறகு என்ன பாடம் நடத்தினேன் என்று தெரியவில்லை.

இந்த டைரியின் முன் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கத் தேவையில்லை. எனக்கே ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் சரி என்று சொன்னது நான். ஒருவரிடம் சொல்ல வேண்டியதை மற்றவரிடம் சொல்லாமல் விட்டதும் நான்.

பட்டிமன்றத்தில் இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் ஒரு நாற்காலி. அந்த ஒரு நாற்காலிக்கு இரண்டு பேரை அழைத்திருக்கிறோம்.

பிப்ரவரி 13, வியாழன்

கண்ணில் கட்டோடு இருக்கும் ராசப்பன் சாருக்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் தையல் பிரிந்திருக்கும். பிறகு சொன்ன செய்தி இன்னும் மோசம். புலவரும் உமையரசி அம்மாவும் பதினைந்து வருடமாக ஒரே மேடையில் ஏறியதில்லையாம். ஒருவருடைய நகைச்சுவையை மற்றவர் தன்னுடையதுபோல் எடுத்துச் சொல்லிவிட்டார் என்று பழைய தகராறு. ஒருவர் வருகிற ஊருக்குள் மற்றவர் கால் வைக்க மாட்டாராம்.

போன ஆண்டு மைக்குக்குச் சண்டை. இந்த ஆண்டு நாற்காலிக்கு. மன்றம் போயிற்று என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பசங்களிடம் சொல்லவில்லை. தேர்வு நெருங்குகிறது. தெரிந்தால் பயந்துவிடுவார்கள், ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொள்வார்கள். இதை நான் தனியாகத்தான் சரிசெய்ய வேண்டும்.

பிப்ரவரி 14, வெள்ளி

புலவருக்குப் போன் செய்தேன். உடம்பு எப்படி, வெயில் அதிகமாயிற்றே, வெளியூர்ப் பயணம் சிரமமாக இருக்குமே என்று சுற்றிச் சுற்றிப் பேசினேன். அவராகவே வரவில்லை என்று சொல்லிவிட்டால் நல்லது என்பது என் எண்ணம்.

"அம்மணி, பவானியில இருந்து ஈரோடு வர்றது ஒரு பயணமா? பசங்க நல்ல பசங்க. நீங்க எதையும் மனசுல போட்டு அலட்டிக்காதீங்க. நல்லாத் தூங்குங்க" என்றார்.

நான் தூங்கவில்லை என்று இவருக்கு எப்படித் தெரியும்? வயதாகிவிட்டது, என்ன பேசுகிறோம் என்பது புரியவில்லை போல.

மாலையில் உமையரசி அம்மாவுக்குப் போன் செய்தேன். நான் பெயரைச் சொன்னதுமே சிரித்தார். ஏன் சிரிக்கிறீர்கள் என்றேன். "எனக்குத் தொழிலே அதுதானுங்களே" என்று மறுபடியும் சிரித்தார். இவரையும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

சோறு இறங்கவில்லை. அவர்தான் இன்று ரசம் வைத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"பசங்ககிட்டயே கேட்டுப் பாரேன் சாந்தா."

"சின்னப் பசங்க. ஒடஞ்சு போயிருவாங்க."

"ஒடையறாங்களா இல்லையான்னு யாரு பாத்தா?"

அவர் இப்படி எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. மதுவந்தி விடுதியில் இருந்தபோது காய்ச்சல் என்று ஒரு வார்த்தை சொன்னாள். வார்டன், துணை வார்டன், துறைத் தலைவர், பக்கத்து அறைப் பெண்ணின் அம்மா என்று எல்லாருக்கும் போன் செய்து, அன்றைக்கே பஸ் ஏறி, நான் போய்ச் சேர்ந்தபோது அவள் தேறி வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். வகுப்பு வாசலில் நின்று கூப்பிட்டேன். ஒரு தாய் வேறு என்ன செய்வாள்? அதன் பிறகு அவளுக்குக் காய்ச்சலே வந்ததில்லை. வந்ததாக என்னிடம் சொன்னதில்லை.

இன்றும் மீட்டிங்.

பிப்ரவரி 17, திங்கள்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு கேன்டீனுக்குத் தேநீர் குடிக்கப் போனேன். மூலை மேசையில் இலக்கியாவும் பூபதியும். கூடவே மன்றத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர். நடுவில் ஒரு தட்டு பஜ்ஜி. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் விதி என்ன ஆயிற்று என்று கோபம் தலைக்கேறியது. இரண்டு பேரும் துறைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு, தேநீர் குடிக்காமலே திரும்பினேன்.

வந்து நின்றார்கள். பூபதி இலக்கியாவைப் பார்த்தான். இலக்கியா பூபதியைப் பார்த்தாள்.

"மேடம், ஒண்ணு சொல்லட்டுங்களா? டென்ஷன் ஆகாதீங்க."

"நான் எப்ப டென்ஷன் ஆனேன்?"

இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"நடுவர் ரெண்டு பேருங்க மேடம்" என்றான் பூபதி. "அஞ்சாந் தேதியே தெரியுமுங்க. அழைப்பிதழ் அடிக்கக் குடுக்கறப்ப பாத்தோம். நான் ஒரு பேரு எழுதியிருந்தேன், இவ ஒரு பேரு எழுதியிருந்தா."

ஐந்தாம் தேதி! நான் முதல்வரிடம் ஒரு சின்ன உரசல்கூட இல்லை என்று பெருமை பேசியதற்கு முந்தின நாள்.

"அந்த ஞாயித்துக்கெழம நாங்க அஞ்சு பேரு பஸ் ஏறிப் போனோமுங்க" என்றாள் இலக்கியா, இரண்டு கையாலும். "காலைல பவானி, மத்தியானம் திருப்பூர். தட்டுல பழம் வெச்சு எடுத்துட்டுப் போனோம். ஐயாகிட்ட, 'அம்மா ஒரே மேடைல உக்கார ஒத்துக்கிட்டாங்க, நீங்கதான் தயங்குவீங்கன்னு சொல்றாங்க'ன்னு சொன்னோம். 'நானா தயங்குவேன்'னுட்டாருங்க. அப்பறம் திருப்பூர் போயி, 'ஐயா ஒத்துக்கிட்டாரு'ன்னோம். அது அப்ப உண்மையாயிருச்சுங்களே."

"ஒரே நாற்காலில எப்படி?"

"கோர்ட்டுல ரெண்டு நீதிபதி அமர்வுன்னு இருக்குதுங்கள்ல? அது மாதிரிங்க. ரெண்டு பேரும் சேந்து வழக்கக் கேப்பாங்க. ஆளுக்கொரு தீர்ப்பு சொல்வாங்க. ஐயா ஒண்ணு சொன்னா அம்மா கண்டிப்பா அதுக்கு நேர்மாறாத்தான் சொல்லுவாங்க. தீர்ப்பு மாறுபட்டா மூணாவது நீதிபதிகிட்டப் போகும்."

"யாரு மூணாவது?"

"முதல்வர் சாருங்க. அவரத்தான் நாங்க போயி கேக்க முடியாது. அதுக்கு நீங்க வேணும்."

பழைய தகராறை அப்படியே தூக்கி மேடையில் வைத்துவிட்டார்கள். எனக்கு இது தோன்றியிருக்காது. வருடமெல்லாம் யோசித்தாலும் தோன்றியிருக்காது.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அந்தப் பேனரில் இரண்டு படம் வைக்கச் சொன்னதே இவர்கள்தான். புலவர் தூங்கச் சொன்னதும், அந்த அம்மா சிரித்ததும், இவர்கள் என்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால். ஒரு வாரமாக நான் இவர்களிடம் மறைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பிருந்தே இவர்கள் என்னிடம் மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"தப்பு என்னுது. ரெண்டு பேருக்கும் சரின்னு சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியுமுங்க" என்றான் பூபதி, ஒன்றுமே இல்லாத விஷயம்போல.

"அப்ப என்கிட்ட ஏன் சொல்லல?"

பூபதிதான் சொன்னான். "மேடைல என்ன நடந்தாலும் சமாளிச்சுக்கலாமுங்க மேடம். நீங்க அதையே நெனச்சுத் தவிச்சுட்டு அங்கயும் இங்கயும் நடக்கறத எங்களால பாக்க முடியாது. அதனாலதான், எல்லாத்தையும் சரி பண்ணிப்போட்டு சொல்லிக்கலாம்னு."

போங்கள் என்றேன். போனார்கள்.

வீட்டுக்கு வந்து அவரிடம் அப்படியே ஒப்பித்தேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் அந்த மர யானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்ததும் கண்ணை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

பின்னாலேயே போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் போல இருந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

முதல்வர் அறை. இந்த முறை நானாகவே உட்கார்ந்துகொண்டேன். பிள்ளைகளின் திட்டத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது பிளானுங்களா, தப்பா?"

பிளான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். "தப்பாத் தொடங்குச்சுங்க சார். தப்பு என்னுது. பிளான் அவங்களுது" என்றேன்.

ரொம்ப நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "நீங்க தப்பு பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியாது மேடம்" என்றார். பாராட்டா திட்டா என்று தெரியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் எத்தன நிமிஷம் பேசணும்?" என்று கேட்டார்.

ஒத்துக்கொண்டார். வாசல் வரை வந்தபோது பின்னாலிருந்து சொன்னார், மேடையில் ஏதாவது ஏடாகூடம் ஆனால் திங்கட்கிழமை மன்றத்தைக் கலைக்கிற உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிடுவதாக.

பிளக்ஸ் கடைக்குப் போன் செய்தேன். இரண்டு படமும் ஒரே அளவு.

பிப்ரவரி 20, வியாழன்

இலக்கியா வந்தாள். நாளைக்கு நான் எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டேன். மேடைக்குப் பின்னால், திரை ஓரமாக நின்றால் எல்லாவற்றையும் கவனிக்க வசதி என்றேன்.

"மூணாவது வரிசைல உக்காருங்க மேடம். எனக்கு நேரா. நீங்க தெரிஞ்சாப் போதும்."

"ஏதாவது பிரச்சினைன்னா?"

"நான் உங்களப் பாப்பேன். நீங்க எந்திரிக்காம இருந்தீங்கன்னா, பிரச்சினை பெருசில்லன்னு எடுத்துக்குவேன்."

இப்படி ஒரு வேலையை எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

தேதியை இரண்டு முறை எழுதிவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

அரங்கம் நிறைந்து, பின்னால் நின்றார்கள். புலவர் பட்டு ஜிப்பாவில் வந்தார். உமையரசி அம்மா அவரைப் பார்த்து வணக்கம் சொல்லாமல், அவர் ஜிப்பாவுக்கு வணக்கம் சொன்னார். அங்கேயே முதல் கைத்தட்டல். மேடை நடுவில் இரண்டு நாற்காலி. ஒன்று ஒரு விரல் அளவு முன்னால் இருந்தது. புலவர் அதைப் பார்த்துவிட்டார். பூபதி ஓடி வந்து சரிசெய்தான்.

சொல்லித் தராததுதான் காரணம் என்று மூன்று பிள்ளைகள் நன்றாகப் பேசினார்கள். சொல்லிக்கொண்டே இருப்பதுதான் என்று பேச வந்த முதல் பெண், வீட்டில் தன் அம்மா குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று அறிவுரை சொல்வதை நடித்துக் காட்டினாள். அரங்கமே அதிர்ந்தது. நானும் சிரித்தேன். ஒரு நிமிடம் கழித்துச் சிரிப்பு நின்றுவிட்டது.

இரண்டாவது பேச்சாளரின் பேச்சு நடுவில் மின்சாரம் போயிற்று. மைக் செத்தது, மின்விசிறி நின்றது. ஜெனரேட்டர் உறுமி உறுமி அணைந்தது. பின்வரிசையில் விசில். முன்வரிசையில் முதல்வர் திரும்பி என்னைப் பார்த்தார். திங்கட்கிழமை அந்தப் பார்வையில் இருந்தது.

இலக்கியா மேடையிலிருந்து என்னைப் பார்த்தாள்.

எழுந்து ஓடியிருப்பேன். மின்பணியாளரைக் கூப்பிட, ஜெனரேட்டரைப் பார்க்க, நிகழ்ச்சியை ஒத்திவைக்க, முதல்வரிடம் மன்னிப்புக் கேட்க. பாதி எழுந்தும்விட்டேன். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்து மடியோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினேன். அதுபோல் கஷ்டமான ஒரு காரியத்தை நான் அண்மையில் செய்ததில்லை.

இலக்கியா மேடை விளிம்புக்கு வந்தாள். கையைக் குவித்து, "எல்லாரும் அவங்கவங்க சேரத் தூக்கிட்டு முன்னாடி வாங்க! ஐயா குரலுக்கு மைக்கே வேண்டாம், நம்ம காதுதான் பக்கத்துல இருக்கோணும்!" என்று கத்தினாள். பூபதி சன்னல் கதவுகளை எல்லாம் திறந்துவிட்டான். இழுபறி, சிரிப்பு, நாற்காலிச் சத்தம். கொஞ்ச நேரத்தில் மொத்தக் கூட்டமும் மேடையைச் சுற்றி, கல்யாண வீட்டு முற்றத்தில் உட்கார்ந்ததுபோல நெருங்கி உட்கார்ந்துவிட்டது. மூன்றாவது வரிசை என்று ஒன்று இல்லாமல் போயிற்று. நான் யாரோ ஒரு முதலாண்டுப் பையனின் நாற்காலிக்கும் தூணுக்கும் நடுவில் இருந்தேன்.

அதன் பிறகுதான் பட்டிமன்றம் பட்டிமன்றமாக நடந்தது. புலவர் ஒரு தீர்ப்புச் சொன்னார். உமையரசி அம்மா வரி வரியாக அதைக் கிழித்தார். அந்தப் பழைய நகைச்சுவையை இரண்டு பேரும் பாதிப் பாதியாகச் சொல்லி முடித்தார்கள். முடித்ததும் புலவர் தன் பொன்னாடையை எடுத்து அந்த அம்மாவுக்குப் போட்டார். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் நின்றதை இன்றுதான் பார்த்தேன் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

மூன்றாவது நீதிபதியாக முதல்வர் ஏறினார். மைக் இல்லாமல் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. கையில் மடித்து வைத்திருந்த தாள்களைப் பார்த்தார், சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

"சொல்லிக்கொண்டே இருப்பதுதான் காரணம் என்று தீர்ப்பளிக்கிறேன். மைக் இல்லாததால் என்னால் சொல்லிக்கொண்டே இருக்க முடியவில்லை. நீங்கள் தடுமாறாமல் வீட்டுக்குப் போகலாம்" என்றார். கைத்தட்டல் அடங்கவே இல்லை. இறங்கும்போது இலக்கியாவிடம், "அடுத்த வருஷமும் ரெண்டு நடுவர் போட்ருங்க" என்றார்.

அடுத்த வருடம். அதைக் கேட்டதும் பூபதி மேடையிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். அந்தப் பையனும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறான். இத்தனை நாளும் காட்டிக்கொள்ளவில்லை.

நன்றியுரையில் என் பெயரையும் சொன்னார்கள். 'எழுந்திருக்காமல் இருந்த எங்கள் பொறுப்பாசிரியருக்கு' என்று. யாருக்கும் புரியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து மூன்று தோசை சாப்பிட்டேன்.

பிப்ரவரி 22, சனி

விடுமுறை. துணி துவைத்தேன். யானையின் காதைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். வயிற்றுக்கு அடியில் சின்னதாக ஒரு கம்பெனிப் பெயர் பொறித்திருக்கிறது. அது மதுவந்தியின் கம்பெனிப் பெயர் இல்லை. முன்னமே பார்த்தேனா என்று கேட்டால், பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அவர் கடலை வேகவைத்துக்கொண்டிருந்தார். அவர் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் நகர்ந்தார்.

"ஏனுங்க, இங்கயே பேசுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றேன்.

நின்றார். போனைக் காதில் வைத்து மெல்ல, "அம்மா பக்கத்துலதான் இருக்கா. குடுக்கட்டுமா?" என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நீட்டினார்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். டென்ஷன் ஆகாத."

"சொல்லு கண்ணு."

கிண்ணத்திலிருந்து ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன், மெல்லாமல்.

வேலையை நவம்பரிலேயே விட்டுவிட்டாளாம். குழந்தைகளுக்கு மர விளையாட்டுச் சாமான் செய்கிற ஒரு சின்ன இடத்தில் சேர்ந்திருக்கிறாள். பாதிச் சம்பளம். யானைக்குப் படம் வரைந்தது இவள். அடுத்தது ஒட்டகச்சிவிங்கி, கழுத்து சரியாக நிற்க மாட்டேன் என்கிறதாம், எப்படி மாட்டினாலும் முன்னால் சாய்கிறதாம். அதைச் சொல்லும்போது அவள் குரல், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே கதை சொல்லுவாளே, அந்தக் குரல். நான் அதைக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

என்னிடம் கேள்விகள் இருந்தன. வாடகை என்ன ஆகும், வைப்பு நிதியை எடுத்துவிட்டாளா, மருத்துவக் காப்பீடு உண்டா, அந்தக் கம்பெனி எத்தனை நாள் நிற்கும், அப்பாவிடம் சொன்னவள் என்னிடம் ஏன் சொல்லவில்லை. கடைசிக் கேள்விக்குப் பதில் பூபதி போன வாரமே சொல்லிவிட்டான். கடலை வாயில் ஊறிக்கொண்டிருந்தது.

அவள் சொல்லி முடித்தாள். அவர் அடுப்பை அணைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா? லைன் கட் ஆயிருச்சா?"

"இல்ல கண்ணு. இருக்கேன்" என்றேன். "அந்த ஒட்டகச்சிவிங்கி கழுத்துக்கு என்ன பண்ணலாம்னு இருக்க?"